படுக்கையும் பாவுநூலும்: தசைப்பிடிப்பைக் குறிக்கும் ஒரு சீன எழுத்து



இன்றைய உரை முழுவதும் ஒரே ஓர் எழுத்தைப் பற்றியது. பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறேன். மரபு வடிவத்தில் 12 கோடுகள். சீனர்கள் அதை 'ஜிங்' என்று, குரல் மேலிருந்து சட்டென இறங்கும் தொனியில் ஒலிப்பார்கள். இன்றைய அகராதியைப் பிரித்தால் தசை இழுத்துப் பிடித்துக்கொள்வது என்று பொருள் இருக்கும். 'லுவான்' என்னும் இன்னோர் எழுத்தைத் துணைக்குச் சேர்த்து 'ஜிங்லுவான்' என்று எழுதினால் அது மருத்துவக் கலைச்சொல். கால் பிடிப்பு, குடல் பிடிப்பு, இரத்தக்குழாய்ச் சுருக்கம் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான்.

நான் நிறுவ விரும்புவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும் வலிக்காக இந்த எழுத்து பிறக்கவில்லை. ஆளைக் கொல்லும் ஒரு நோய்க்காகப் பிறந்தது. அந்த நோய்க்கு வேறு பெயர் வந்த பிறகு, ஒரு பழைய சட்டையைத் தம்பிக்குக் கொடுப்பதுபோல, இந்த எழுத்து சாதாரணப் பிடிப்பின் தோளுக்கு வந்து சேர்ந்தது. இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய மருத்துவ நூல்களைப் படிக்கிறவர்கள் நோயாளியையே மாற்றிப் படிக்கிறார்கள்.

எழுத்தைப் பிரித்துப் பார்ப்போம். இடப்பக்கமும் மேல்பக்கமுமாக வளைத்து நிற்கும் 5 கோடுகள் நோயைக் குறிக்கும் பொருட்குறி. சீன எழுத்தில் காய்ச்சல், வலி, புண், அம்மை என்று எந்த நோயை எழுதினாலும் பெரும்பாலும் இந்தக் குறிதான் போர்த்தி நிற்கும். அதன் மிகப் பழைய வடிவத்தை ஆன்யாங்கில் கிடைத்த எலும்பு எழுத்துகளில் காணலாம். ஒரு கட்டில், அதன்மேல் ஒரு மனிதன், சில வடிவங்களில் அவன் உடம்பைச் சுற்றி வியர்வையோ இரத்தமோ எனத் துளிகள். நோய் என்பதைப் படுக்கையில் கிடக்கும் ஆளாக எழுதியிருக்கிறார்கள்.

உள்ளே இருக்கும் 7 கோடுகள் ஒலிக்குறி. அதற்கும் ஒலி 'ஜிங்' தான், தொனி மட்டும் வேறு. மேலே ஒரு கிடைக்கோடு, அதன்கீழ் மூன்று நெளிகோடுகள், அடியில் ஒரு தாங்கு. இது எதன் படம் என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. கி.பி. 100இல் 'ஷுவோவென் ஜியேஸி' என்னும் அகராதியை எழுதி முடித்த சூ ஷென், நிலத்தடியில் ஓடும் நீரோட்டம் என்றார். கிடைக்கோடு தரை, நெளிகோடுகள் நீர். 20ஆம் நூற்றாண்டில் குவோ மோருவோ வெண்கலப் பாத்திர எழுத்துகளை ஆராய்ந்து, இது தறியில் இழுத்துக் கட்டிய பாவு என்றார். மேற்கு ஜோவ் காலத்துத் தா யூ முக்காலிக் கொப்பரையிலும் மாவ்கோங் கொப்பரையிலும் இந்த வடிவம் தனியாக, பட்டுநூல் குறி சேராமல், பின்னாளில் பாவுநூலைக் குறித்த எழுத்தின் இடத்தில் வருகிறது. எனக்குக் குவோ சொல்வதே சரியாகப் படுகிறது. சூ ஷென் கண்டது அவர் காலத்தில் உருமாறிவிட்ட வடிவம். அந்தப் பழைய வெண்கலங்கள் அவர் கையில் இருந்திருந்தால் அவரும் தறியைத்தான் பார்த்திருப்பார்.

பாவு என்றால் என்ன என்று காஞ்சிபுரத்திலோ சேலத்திலோ யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நீளவாக்கில், விறைப்பாக, தளராமல் நிற்கும் நூல். தளர்ந்தால் துணி இல்லை. இந்தக் குறியோடு பட்டுநூல் சேர்ந்தால் பாவு, அதிலிருந்து நெறி, அதிலிருந்து மறைநூல். பௌத்தச் சூத்திரங்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். நூல் என்ற சொல்லைத் தறிக்கும் ஏட்டுக்கும் பொதுவாக வைத்திருக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. தலைக்குறி சேர்ந்தால் கழுத்து. தசைக்குறி சேர்ந்தால் கணைக்கால். புல் சேர்ந்தால் தண்டு. நடைக்குறி சேர்ந்தால் ஒற்றையடிப் பாதை. வலிமைக்குறி சேர்ந்தால் முறுக்கேறிய உரம். நோய்க்குறி சேர்ந்தால் நம் எழுத்து. எல்லாவற்றிலும் நீண்டு, நேராக, இழுபட்டு நிற்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.

இங்கே மாணவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒலிக்குறியிலும் பொருள் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் சொங் காலத்திலேயே உண்டு. ஷென் குவோ தம் குறிப்பு நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். வலப்பக்கக் கோட்பாடு என்று பெயர். கவர்ச்சியான கோட்பாடு, ஆகவே ஆபத்தானது. இதே பாவுக்குறியோடு வண்டிக்குறி சேர்ந்தால் 'இலேசானது' என்று பொருள். அதில் விறைப்பைத் தேடினால் கதைதான் கட்ட வேண்டும். ஒரு குடும்பத்தில் பத்துப் பேர் ஒரே சாயலில் இருந்தாலும் பதினோராவது ஆளுக்கும் அதே சாயல் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியே சான்று வேண்டும். நம் எழுத்துக்குச் சூ ஷென்னின் சான்று இருக்கிறது. அவர் தரும் பொருள் விறைத்து இறுகுதல். கூடவே நோயைக் கண்ணால் கண்டு எழுதியவர்களின் சான்றும் இருக்கிறது. அதைத்தான் இனி சற்று நின்று பார்க்கப் போகிறோம்.

1973இல் ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரில், மாவாங்துய் என்ற இடத்தில் மூன்றாம் கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை. அரக்குப் பெட்டிக்குள் பட்டுத்துணியில் எழுதிய நூல்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுக்கு, 52 நோய்களுக்கு மருந்து சொல்வதால், 'ஐம்பத்திரண்டு நோய்களுக்கான மருந்துமுறைகள்' என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். அதில் 'காயத்து ஜிங்' என்று ஒரு நோய். காயம் பட்டது, காயத்துக்குள் காற்று புகுந்தது, உடம்பு நீண்டு விறைத்துவிட்டது, மடக்க முடியவில்லை என்கிறது நூல்.

இதைக் கேட்டதும் இந்த அவையில் இருக்கும் மருத்துவர்கள் தலையசைக்கிறார்கள். நம் பெரியவர்கள் ரணஜன்னி என்று சொன்ன டெட்டனஸ். காயம், சில நாள் இடைவெளி, விறைப்பு. காற்று என்று அவர்கள் நினைத்தது தவறு. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி என்பதை 1884இல் ஆர்தர் நிக்கொலயர் காட்டினார், 1889இல் பெர்லினில் கிதசாத்தோ ஷிபாசபுரோ அதைத் தனியே பிரித்து வளர்த்தார். ஆனால் காயத்துக்கும் விறைப்புக்கும் தொடர்பு உண்டு என்ற கவனிப்பு அதற்கு 2000 ஆண்டுகளுக்கு முன்பே பட்டில் எழுதப்பட்டுவிட்டது.

மருத்துவத்தையும் பாருங்கள். உப்பை மஞ்சள் நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். ஒரு தோவ், அதாவது ஏறத்தாழ 2 லிட்டர் அளவு எடுத்துத் துணியில் கட்ட வேண்டும். கடுமையான மதுவில் முக்கி, முக்கிய உடனே எடுத்து, தலைக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டும். சூடு அதிகமானால் தூக்கு, தாங்கும்போது இறக்கு. ஆறினால் மறுபடி உப்பை வறு, ஒத்தடத்தை நிறுத்தாதே. வியர்வை பெருகி உடம்பை மடக்கவும் நீட்டவும் முடிந்தால் நிறுத்தலாம். அதன்பின் 4 நாள் காற்று படாமல் போர்த்தியிருக்க வேண்டும். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கையில் மூட்டையோடு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவர்தான் 'தூக்கு, இறக்கு' என்று எழுத முடியும்.

அதே நூலில் கைக்குழந்தைக்கு வரும் ஜிங்கும் இருக்கிறது. பிரசவத்தின்போது ஈரமான தரையில் நெடுநேரம் கிடந்ததால் வருவதாகக் காரணம் சொல்கிறது. தசை விறைக்கும், வாய் இறுகும், நரம்பு சுருண்டு நீட்ட வராது. 'நரம்பு சுருண்டு' என்னும் இடத்தில் எழுதியிருப்பது வேறு எழுத்து, லுவான். பிற்காலத்தில் இணைபிரியாமல் வரப்போகும் இரண்டு எழுத்துகளும் இந்த ஒரே பத்தியில் தனித்தனி வேலையோடு நிற்கின்றன. ஜிங் நோயின் பெயர், லுவான் அதன் ஓர் அறிகுறி. பிறந்த குழந்தைக்கு வாய் இறுகுவது தொப்புள்கொடி வழியே வரும் டெட்டனஸின் முதல் அடையாளங்களில் ஒன்று. ஈரத்தரைமேல் பழியைப் போட்டவர் மண்ணுக்கு மிக அருகில் வந்திருக்கிறார். தாய்க்கும் சேய்க்கும் வரும் இந்த நோய் சீனாவில் 2012இலும் இந்தியாவில் 2015இலும் தான் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழிந்ததாக உறுதி செய்யப்பட்டது. எத்தனை தலைமுறைத் தாய்மார்கள் இந்த வாய் இறுகலைப் பார்த்துக்கொண்டு செய்வதறியாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை இந்த எழுத்தைப் படிக்கும்போது நாம் மறக்கக் கூடாது.

அடுத்து ஜாங் ஜோங்ஜிங். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதி. மரபுப்படி இவர் அதே சாங்ஷாவின் ஆளுநராக இருந்தவர். 200 பேருக்கு மேற்பட்ட தம் உறவினரில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாண்டுக்குள் இறந்துபோன துயரத்தில் மருத்துவம் எழுதினார். அவருடைய 'ஜின்க்வே யாவ்லுவே'யின் இரண்டாம் அதிகாரம் ஜிங் நோயில் தொடங்குகிறது. உடம்பு கொதிக்கும், பாதம் சில்லிடும், கழுத்து விறைக்கும், முகமும் கண்ணும் சிவக்கும், தலை மட்டும் ஆடும், வாய் திடீரென இறுகும், முதுகு பின்னோக்கி வில்லாக வளையும். வியர்வை இல்லாதது வன் ஜிங், வியர்வை உள்ளது மென் ஜிங். உடம்பில் புண் உள்ளவனுக்கு எவ்வளவு வலி இருந்தாலும் வியர்க்க வைக்காதே, வைத்தால் ஜிங் வரும் என்ற எச்சரிக்கையும் அவர் நூலில் உண்டு. இங்கும் புண்ணும் விறைப்பும் கூட்டாளிகள். எல்லாமே டெட்டனஸ் என்று நான் சாதிக்கவில்லை. மூளைச்சவ்வு அழற்சியிலும் கழுத்து விறைக்கும், முதுகு வளையும். பழைய மருத்துவர் கிருமியைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, உடம்பின் கோலத்தைப் பார்த்து வைத்தார்.

அந்தக் கோலத்தை அவர் ஓரிடத்தில் எழுதியிருக்கும் விதம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். நோய் முற்றியவன் படுத்திருக்கிறான், ஆனால் முதுகு பாயில் படவில்லை என்கிறார். தலையும் குதிகாலும் ஊன்ற, நடு உடம்பு பாயைவிட்டு எழுந்து நிற்கிறது. இப்போது பலகையில் இருக்கும் எழுத்தைத் திரும்பப் பாருங்கள். சுற்றிலும் படுக்கை, உள்ளே இழுத்துக் கட்டிய பாவு. இதை எழுதியவர் இந்தக் காட்சியைத்தான் மனத்தில் வைத்திருந்தார் என்று நிறுவ வழியில்லை. ஆனால் ஜிங் என்று ஒலிக்கும் குறிகள் பல இருக்க, கழுத்துக்கும் கணைக்காலுக்கும் தறிக்கும் பொதுவான இந்தக் குறியைத் தேர்ந்தது வெறும் ஒலிக்காக என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஜாங்கின் நூலைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பல பிரதிகளில் இந்த எழுத்தே இல்லை. அதன் இடத்தில், உள்ளே வேறு ஒலிக்குறி கொண்ட 'ச்சி' என்ற எழுத்து நிற்கிறது. 11ஆம் நூற்றாண்டில் அரசாணைப்படி இந்த நூல்களைத் திருத்தி அச்சிட்டபோதும் அது அப்படியே தங்கிவிட்டது. வேகமாக எழுதும்போது பாவுக்குறி, 'வந்துசேர்' என்று பொருள்படும் எழுத்தைப் போலத் தோன்றும். படியெடுத்தவர் மாற்றி எழுதிவிட்டார். 12ஆம் நூற்றாண்டில் ஜாங்கின் இன்னொரு நூலுக்கு முதல் முழு உரை எழுதிய செங் வூஜி, இது ஜிங் என்றே இருக்க வேண்டும், படியெடுத்தவர் பிழை என்று குறித்தார். அவர் சொன்னதை எல்லோரும் ஏற்கவில்லை. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று வாதிட்டவர்களும், வேறுபாட்டை விளக்கப் பத்தி பத்தியாக எழுதியவர்களும் உண்டு. இல்லாத ஒரு நோய்க்கு இலக்கணம் வகுத்த அந்த உழைப்பை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இன்றும் சிக்கல் தீரவில்லை. 1956இல் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தில் ஜிங்கின் உட்குறி சுருக்கப்பட்டது. சுருங்கிய வடிவம் அந்தப் பிழை எழுத்துக்கு முன்னைவிட நெருங்கி வந்துவிட்டது. மாணவர்களே, மருத்துவச் சுவடி படிக்கும்போது பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள்.

கி.பி. 610இல் சாவ் யுவான்ஃபாங் தொகுத்த நோய்க்காரண நூலில், ஆயுதக் காயத்துக்குப் பின் வரும் ஜிங், எலும்பு முறிவுக்குப் பின் வருவது, பிரசவத்துக்குப் பின் வருவது எனத் தனித்தனிப் பகுதிகள் உண்டு. நோயாளி தலையை ஆட்டிக் குதிரைபோல் கனைப்பதாக எழுதுகிறார். இறுகிய தாடையின் வழியே மூச்சு வெளியேறும் ஓசையாக இருக்க வேண்டும். பிறகு மெல்ல வேறு பெயர் புழக்கத்துக்கு வந்தது: 'போஷாங்ஃபெங்', உடைந்த காயத்துக் காற்று. இன்றும் சீனத்திலும் ஜப்பானியத்திலும் டெட்டனஸுக்கு அதுதான் பெயர். நோய் தன் பெயரோடு வெளியேறியதும் ஜிங் ஏறத்தாழ வேலையற்ற எழுத்தானது.

அப்படியானால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பழைய சீனர்கள் என்ன சொன்னார்கள்? 'ஜுவான்ஜின்' என்றார்கள், நரம்பு புரளுதல். வட சீனத்தில் இன்றும் அப்படித்தான். 'ஜின்' என்பது நாம் நரம்பு என்று பேச்சில் சொல்லும் அதே பரந்த பொருளுடையது. தசைநார், நரம்பு, புடைத்த குழாய் எல்லாம் அதில் அடக்கம். மூங்கில், தசை, வலிமை என்ற மூன்று குறிகளால் ஆன எழுத்து. மூங்கில் ஏன் என்றால் நார் மிகுந்தது அது என்கிறார் சூ ஷென். நாடு முழுதும் பொதுவாகப் புழங்கும் சொல் 'ச்சோஜின்', நரம்பு இழுத்தல். குளத்தில் நீந்தும் பையனுக்கு அம்மா சொல்லும் எச்சரிக்கையில் வருவது இந்தச் சொல்தான், ஜிங்லுவான் வராது.

ஜுவான்ஜின் ஜாங்கின் நூலிலேயே தனி இடத்தில், 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கை கால் நேராக விறைக்கும், பிடிப்பு வயிற்றுக்குள் ஏறினால் கோழி எச்சத்தின் வெள்ளைப் பகுதியைப் பொடித்துக் கொடு என்கிறார். ஒரே ஆசிரியர், ஒரே நூல், இரண்டு நோய்கள், இரண்டு பெயர்கள், 17 அதிகார இடைவெளி. இதைவிட நல்ல சான்று எனக்கு வேண்டியதில்லை.

பிடிப்புக்கு மக்கள் நம்பிய இன்னொரு மருந்து 'முக்வா', சீமைமாதுளைக்கு உறவான புளிப்புக் காய். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவ் ஹோங்ஜிங் இதைப் பற்றி எழுதிய ஒரு குறிப்பை லீ ஷீஜென் 1596இல் அச்சான தம் மருந்துப் பொருள் நூலில் எடுத்துத் தருகிறார். நரம்பு புரளும்போது முக்வா என்று பெயரைக் கூப்பிட்டாலே, அல்லது அந்தப் பெயரை எழுதினாலே பிடிப்பு விட்டுவிடும், காரணம் புரியவில்லை என்கிறது குறிப்பு. அந்த மரத்தில் கைத்தடி செய்து ஊன்றினால் நரம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையும் இருந்தது. எழுத்தே மருந்தாகும் இந்தச் செய்தியை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கால் பிடிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே விடும். இரண்டு எழுத்தை நிதானமாக எழுதி முடிக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். காரணம் புரியவில்லை என்று நேர்மையாக எழுதிவைத்த தாவ் ஹோங்ஜிங் என் மதிப்புக்குரியவர்.

ஜுவான்ஜின் எப்போதும் சில்லறை வலியாக இருந்ததில்லை. 1817இல் வங்காளத்தில் கிளம்பிய வாந்திபேதி கடல்வழியே சீனாவை அடைந்தபோது, யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதி மக்கள் அதைக் காலை இழுக்கும் நோய் என்றே அழைத்தார்கள். உடம்பின் நீரும் உப்பும் வெளியேற, கெண்டைக்கால் சுருண்டு இறுகியதுதான் அவர்கள் கண்ணில் முதலில் பட்டது. வாங் ஷீஷியோங் 1862இல் திருத்தி வெளியிட்ட வாந்திபேதி நூலில் இந்தப் பிடிப்புக்குப் பட்டுப்புழு எச்சம் சேர்ந்த கசாயம் சொல்கிறார். அப்போதும் எழுதியது ஜுவான்ஜின் தான். நோய் ஆளைக் கொன்றாலும் அறிகுறிக்குப் பேச்சு வழக்குப் பெயரே நின்றது.

லுவானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 23 கோடுகள், அடியில் கைக்குறி, மேலே நடுவில் 'சொல்' என்னும் குறி, அதன் இருபக்கமும் பட்டுநூல் குறி. கட்டுதல் என்பது மூலப்பொருள். கட்டுண்டு சுருங்கியது என்பதால் மடங்கி நீளாத கை கால்களைக் குறித்தது. செங் வூஜி உரை எழுதிய ஜாங்கின் நூலில், கால் சுருண்டு இழுக்கும்போது பியோனி வேரும் அதிமதுரமும் சம எடை சேர்த்துக் காய்ச்சிக் கொடு, கால் நீளும் என்று வருகிறது. அங்கே இருப்பது லுவான். அந்த இரண்டே சரக்குக் கசாயம் ஜப்பானில் ட்சுமுரா நிறுவனத்தின் 68ஆம் எண் பொடியாக இன்றும் இரவுநேரக் கெண்டைக்கால் பிடிப்புக்குக் கொடுக்கப்படுகிறது. நாள்பட உண்டால் அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பதால் மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். வன் ஜிங்குக்கு ஜாங் சொன்ன கூட்ஸூ கிழங்குக் கசாயம் அதே வரிசையில் 1ஆம் எண். அது இப்போது சளிக்கும் கழுத்து விறைப்புக்கும் கிடைக்கும் சாதாரணக் கடைமருந்து. நோய் விலகி, அதன் மருந்து மட்டும் வேறு வேலைக்குப் போய்விட்டது. எழுத்துக்கும் இதுவே நேர்ந்தது.

ஐரோப்பிய மருத்துவம் கிழக்காசியாவுக்கு வந்தபோது பழைய எழுத்துகளைக் கொண்டு புதுக் கலைச்சொற்கள் கட்டினார்கள். 1774இல் ஜப்பானில் வெளிவந்த 'கைதாய் ஷின்ஷோ' என்னும் உடற்கூற்று நூலில் சுகிதா கெம்பாக்கு குழுவினர் நரம்புக்கு 'ஷின்கெய்' என்று சொல் படைத்தார்கள். அதன் இரண்டாம் எழுத்து பாவுநூல், நம் எழுத்தின் உடன்பிறப்பு. தசை தானே இறுகும் எல்லா நிலைக்கும் ஒரு பொதுச்சொல் தேவைப்பட்ட இந்தப் புது மருத்துவத்தில் ஜிங்கும் லுவானும் நிலையாக இணைந்து நின்றன. ஜப்பானில் 'கெய்ரென்', கொரியாவில் 'கியொங்நியொன்'. ஆனால் 2010இல் திருத்திய ஜப்பானின் 2136 எழுத்துப் பொதுப்பட்டியலில் இரண்டுமே இடம்பெறவில்லை. முதுகெலும்பும் முழங்காலும் அந்த ஆண்டு உள்ளே வந்தன, இவை வரவில்லை. ஆகவே செய்தித்தாள்கள் கெய்ரென் என்பதை ஒலியெழுத்தில் எழுதுகின்றன. வீட்டில் ஜப்பானியர் சொல்வது 'கொமுராகாயெரி', கெண்டை புரளல். கொரியர் 'ஜ்வி' என்பார்கள், எலியைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலிதான். வியட்நாமியர் எலி இழுத்தது என்றே சொல்கிறார்கள். கலைச்சொல் ஏட்டில் இருக்க, கால் பிடித்த நேரத்தில் வாயில் வருவது எங்கும் வேறாகவே இருக்கிறது.

சீன மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்க்க முன்வரும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹான் காலத்து நூலில் ஜிங் வந்தால் தசைப்பிடிப்பு என்று எழுதாதீர்கள். விறைப்பு நோய் என்றோ, சூழலில் காயம் இருந்தால் ரணஜன்னி போன்றது என்றோ எழுதுங்கள். ஜுவான்ஜின் வந்தால் நரம்பு புரளல், கெண்டை புரளல் என்று தாராளமாக எழுதலாம். லுவானுக்குச் சுருண்டு இழுத்தல் போதும். 20ஆம் நூற்றாண்டு நூலில் ஜிங்லுவான் இருந்தால் மட்டும் பிடிப்பு, இசிவு என்று போடுங்கள். ஜிங்கின் இடத்தில் ச்சி நின்றால், செங் வூஜியின் திருத்தத்தை அடிக்குறிப்பில் தந்துவிட்டு, ஜிங் என்றே கொண்டு பெயருங்கள்.